வண்டிக்குப் போட்ட லாக்கர்

ஆரணியில் லாக்கர் என்று சொன்னால் முக்கால்வாசிப் பேருக்கு பீரோவுக்குள் இருக்கும் சின்னப் பெட்டிதான் ஞாபகம் வரும். சேவூர் ரோட்டில் ஷெட் போட்டு இருபத்தாறு வருஷமாக மெக்கானிக் வேலை பார்க்கிற எனக்கே, அந்த வார்த்தை வண்டிப் பக்கம் வந்து ஏழெட்டு வருஷம்தான் ஆகிறது. அதனால் "லாக்கர்னா இன்னாய்யா?" என்று நீங்கள் எடுத்த எடுப்பில் கேட்டதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, மேடம். டீக்கு ரொம்ப நன்றி. விலங்கைக் கழற்றிவிட்டுக் குடிக்கச் சொன்னீர்கள், அதற்கும் நன்றி. வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் கேள்வி போட்டால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

வண்டி வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் கொஞ்ச தூரம்தான் ஓடும், வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாக ஓடும். இரண்டும் அதனதன் வேகத்தில் சுற்றியாக வேண்டும். அதற்காகவே பின் அச்சின் வயிற்றில் ஒரு பல்சக்கரக் கூட்டம் வைத்திருக்கிறான். கிரவுன் என்போம். தார் ரோட்டுக்கு அது போதும். சேற்றில் மாட்டினால் அதுவே வினை. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுற்றிக்கொண்டே இருக்கும், மற்றது கல்மேல் சும்மா நிற்கும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் வண்டி ஏறிவிடும். அந்தப் பூட்டுதான் லாக்கர். ஆனால் பூட்டினபடியே தார் ரோட்டில் வளைத்தால் வண்டி முரண்டு பிடிக்கும். காய்ந்த ரோடு என்றால் டயர் தேயும். ஈர ரோடு என்றால் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகும்.

ஜெயக்குமார் என் தங்கை அபிதகுசாம்பாளின் புருஷன். பஜாரில் பட்டுக்கடை. மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். ஆறு ஜாதகம் வந்தது, ஆறையும் விசாரித்து, குடிக்காதவன், சொந்தக் கடை, சொந்த வீடு என்று இவனைத் தேர்ந்தெடுத்தேன். பழைய பிக்கப் ஒன்று வாங்கி, பெரிய டயர் போட்டு, உயரம் ஏற்றி வைத்திருந்தான். வாரநாளில் அதிலேயே கடைக்குப் போவான், செய்யாறு போவான். ஞாயிற்றுக்கிழமையானால் ஜவ்வாது மலைமேல் இருக்கும் தோட்டத்துக்குப் போவான்.

"மச்சான், மலையில ரெண்டு தடவ சேத்துல மாட்டிக்கினேன். எதுனா நல்ல லாக்கரா போடுங்க. ஆனா ஊருக்குள்ளயும் ஓட்டணும், அதான் பேஜாரு," என்றான்.

நியாயமான கேள்வி. நானும் நியாயமாகத்தான் பதில் சொன்னேன். கிரவுனை வெல்டு வைத்து ஒரேயடியாகப் பூட்டிவிடலாம். அது சேற்றை விட்டு வெளியே வராத வண்டிக்குச் சரி, ஊருக்குள் ஓட்டுகிறவனுக்கு எமன். தானே பூட்டித் தானே திறக்கிற ரகம் ஒன்று இருக்கிறது; திரும்பும்போதெல்லாம் அடியில் டக் டக்கென்று சத்தம் போடும், மழையில் எப்போது பூட்டும் என்று அதற்கே தெரியாது. காற்றில் வேலை செய்வது நல்ல சாமான்தான், ஆனால் குழாயில் ஒரு கசிவு வந்தால் போச்சு. கடைசியில் கரண்டில் பூட்டுகிற லாக்கரைத்தான் எடுக்கச் சொன்னேன். டேஷ்போர்டில் சுவிட்ச் இருக்கும். போட்டால் பூட்டும், அணைத்தால் திறக்கும், ஊருக்குள் அது இருப்பதே தெரியாது. தினமும் தார் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு அதைவிட நல்லது கிடையாது. கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தேன். நீங்கள் எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேளுங்கள், அந்தத் தேர்வில் ஒரு குறை சொல்லமாட்டான்.

வண்டியை ஜாக்கில் ஏற்றி, அச்சைக் கழற்றி வைத்திருந்த அன்றைக்குத்தான் அபிதா ஷெட்டுக்கு வந்தாள். ஆனி மாசக் கடைசி வாரம், பகல் பதினோரு மணி. வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. "கைய காட்டு," என்றேன். காட்டினாள். முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. கூர், வளைவு, எல்லாம் தெரிந்தது. சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஜெயக்குமார் ஏதோ கேட்டிருக்கிறான், இவள் பதில் சொல்ல நேரமாகியிருக்கிறது. போன தீபாவளிக்குப் பெல்ட். அதற்கு முன்னால் ஒரு பல் போனது. தோலெல்லாம் உரிந்து, ஓரத்தில் நீர் கோத்திருந்தது. நர்ஸ் படித்தவள், அவளே மருந்து போட்டுக் கட்டியிருந்தாள்.

"அண்ணா, கொஞ்ச நாளு உன் வூட்ல இருந்துக்கட்டா?" என்று கேட்டாள்.

மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள். முதல் இரண்டு தடவை என்ன சொன்னேனோ அதையேதான் சொன்னேன். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டில் வந்து உட்கார்ந்தால் தெரு என்ன பேசும். ஏற்கெனவே என் மனைவி பானுப்ரியா அவள் அம்மா வீட்டுக்குப் போய் நான்கு வருஷம் ஆகிறது. அவளுக்கு மணிக்கட்டு ஒடிந்தது வேறு கதை. சமையல்கட்டுத் தரை ஈரமாக இருந்தது, நான் தள்ளியது லேசாகத்தான். ஒரே குடும்பத்தில் புருஷனோடு வாழாத பெண்கள் இரண்டு பேர் என்று ஊர் பேசக்கூடாது இல்லையா. "நீ போம்மா. நான் பாத்துக்கறேன்," என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். "நீ ஒண்ணும் பண்ணாதண்ணா. உன் கை எனக்குத் தெரியும்," என்றாள்.

அவள் எதைச் சொன்னாள் என்று நீங்கள் அவள் எக்ஸ்ரேயில் பார்த்திருப்பீர்கள். பழைய முறிவு ஒன்று, இடது தோள்பட்டை எலும்பில். அவளுக்குப் பதினாலு வயது, எனக்கு இருபத்திரண்டு. பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு பையனோடு பேசிக்கொண்டு நின்றாள். நான் கையில் இருந்த ஸ்பேனரால் ஒரே ஒரு அடி அடித்தேன். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் அடிக்காமல் வேறு யார் அடிப்பது? அதையும் ஜெயக்குமார் அடித்ததையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள், மேடம். நான் அடித்தது அவளை ஆளாக்குவதற்கு. அதற்கப்புறம் அவளை நர்ஸ் படிக்க வைத்தது நான். என் ஷெட்டுக்கு வந்த வண்டியில் உட்காரவைத்து டிரைவிங் சொல்லிக் கொடுத்ததும் நான். கிளட்சை அவள் விடுகிற அழகைப் பார்த்து, எனக்குத் தங்கையாக இல்லாமல் தம்பியாகப் பிறந்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அவள் போனபிறகு வேலையைத் தொடர்ந்தேன். லாக்கரைக் கச்சிதமாக உட்காரவைத்தேன். பல்லுக்கும் பல்லுக்கும் இருக்க வேண்டிய இடைவெளியை இரண்டு தடவை அளந்து பார்த்தேன். சுவிட்சிலிருந்து வரவேண்டிய ஒயரைக் கொடுத்தேன். அதோடு இன்னொரு ஒயரும் கொடுத்தேன்.

அது வைப்பருடைய ஒயர். மழை வந்து வைப்பரைப் போட்டால் லாக்கருக்கும் கரண்ட் போகும், பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ளும். டேஷ்போர்டில் விளக்கு எரியாது. வைப்பரை நிறுத்தினால் திறந்துகொள்ளும். காய்ந்த நாளில் நீங்கள் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தாலும் ஒரு குறையும் தெரியாது. மழையில், மலை வளைவில், பின்னால் பாரம் இல்லாத பிக்கப்பில் மட்டும்தான் தெரியும். ஜெயக்குமார் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் இறங்குவான். கருப்பு டேப்பைச் சுற்றி, பழைய ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். கால் மணி நேர வேலை.

வண்டியை எடுத்துப்போகும்போது அவனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். "மாப்ள, தார் ரோட்ல லாக்கர் சுவிட்ச தொடாதீங்க. மழையில தொடவே தொடாதீங்க." நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டித்தான் அனுப்பினேன். அவன் நசுக்கிக்கொண்டு போனான்.

நான் விட்ட ஒரே தப்பு அதற்கப்புறம்தான் வருகிறது. ஆடி பிறந்ததும் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். வேண்டுதல் இருக்கிறவன் பத்து நாளைக்கு முன்னாலேயே கையில் காப்பு கட்டிக்கொள்வான். மஞ்சள் கயிறுதான், நடுவில் ஒரு மஞ்சள் கிழங்கு. ஆனால் அதைக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ஜெயக்குமார் வருஷா வருஷம் கட்டுகிறவன். எனக்கும் தெரியும். அந்தத் தெருவிலேயே பிறந்தவன் நான். ஆனாலும் ஒயர் கொடுக்கும்போது அது என் மண்டைக்கு வரவில்லை. காப்பு கட்டியதிலிருந்து வண்டி அவன் வீட்டு வாசலிலேயே நின்றது.

எனக்கு மறந்துபோனதை அபிதா மறக்கவில்லை. அவன் எல்லை தாண்டிப் பின்னால் வரமுடியாத நாள் வருஷத்திலேயே அந்தப் பத்து நாள்தான் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், யாரும் போக விரும்பாத நர்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டு, ஆர்டரை சிநேகிதி வீட்டு விலாசத்துக்கு வரவழைத்திருந்தாள். குவார்ட்டர்ஸோடு வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். கையில் ஒரிஜினல் சர்ட்டிபிகேட் வேண்டும். அதைத்தான் அவன் எடுத்து ஒளித்துவைத்திருந்தான்.

எங்கே என்று கேட்டதற்கு, "லாக்கர்ல பத்திரமா கீது, போ," என்றிருக்கிறான். அவன் சொன்னது கடை பீரோ லாக்கரை. அவளோ, அந்த மாசம் முழுக்க அவன் போனில் 'வண்டிக்கு லாக்கர் போட்டேன், வண்டிக்கு லாக்கர் போட்டேன்' என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டிருந்தவள். வண்டிக்குள் ஏதோ பெட்டி பொருத்தியிருக்கிறான், சர்ட்டிபிகேட் அதற்குள் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். இல்லாவிட்டால் பஸ்ஸில் போயிருப்பாள். சனிக்கிழமை மத்தியானம், அவன் கோயிலில் இருந்த நேரம், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஸ்டவ், ஒரு பாய், இவ்வளவையும் பின்னால் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மூன்றே முக்காலுக்கு எனக்குப் போன் செய்தாள். அப்போதுதான் இதெல்லாம் எனக்குத் தெரியும். "அண்ணா, இந்த லாக்கரு எங்க வெச்ச நீ? சீட்டுக்கு அடியில எல்லாம் தேடிட்டேன்," என்று கேட்டாள். நான் விளக்கினேன். அப்புறம், "சரி, வேற காபி வாங்கிக்கலாம். நான் திரும்பி வரமாட்டேன். உன்கிட்டகூட சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்," என்றாள். மலையில் மழை பிடித்திருக்கிறது என்றாள். பார்த்துப் போ என்றேன். பிறகு டவர் போய்விட்டது.

ஏழாவது வளைவில் பின்பக்கம் வெளியே வீசி, வண்டி பக்கவாட்டில் தடுப்புக் கல்லை உடைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. நாற்பதடி. மேலே இழுத்துக்கொண்டு வந்தபோது நான் போய்ப் பார்த்தேன். ஸ்டீயரிங் அவள் நெஞ்சுக்குள் போயிருந்தது. முகத்தில் ஒரு கீறல் இல்லை. ஸ்டவ் மட்டும் ஒரு மரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. நான் அழுதேன், மேடம். அந்த மலையே கேட்கிற மாதிரி அழுதேன், போலீஸ்காரர் ஒருவர்தான் என்னைத் தூக்கி நிறுத்தினார்.

ஜெயக்குமார் வரவில்லை. ஊர் எல்லையில் இருக்கிற பெட்ரோல் பங்க் வரைக்கும் வந்து, கையில் காப்போடு நின்றான். ஆம்புலன்ஸ் அங்கே வந்து நின்றபிறகுதான் ஏறிப் பார்த்தான். எரிக்கிற அன்றைக்கு அவன் வீட்டு வாசலில் நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு, "நான் கடை லாக்கர சொன்னேன். அந்த முண்டம் வண்டி லாக்கர்னு நெனச்சிக்கினு எடுத்துகினு போய்ட்டா," என்றான். ஒருத்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாயைப் பொத்தினான். நான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குக் கடைக்குப் போனேன். ஷெட்டிலிருந்து அவன் வண்டியின் பழைய அச்சுத் தண்டை எடுத்துப் போனேன். இரண்டரை அடி நீளம், முனையில் பல். கோணிப்பையில் சுற்றியிருந்தேன். துக்க வாரம் என்று கடையில் வேறு யாரும் இல்லை. அவன் வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து சேலைகளை மடித்துக்கொண்டிருந்தான். "வாங்க மச்சான்," என்றான்.

முதலில் இடது முழங்கால். அப்புறம் வலது. அதற்குமேல் அவன் எழுந்து ஓடமுடியாது, எனக்கும் அவசரம் இல்லை. இஸ்திரிப் பெட்டி எந்தக் கையில் பிடித்தாய் என்று கேட்டேன். அவன் சொல்லவில்லை, அதனால் இரண்டு கையையும் உடைக்க வேண்டியதாகிவிட்டது. கத்தினான். பஜாரில் அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு போட்டிருந்தார்கள். பல்லில் ஒன்று கொடுத்தேன், பெல்ட்டுக்காக முதுகில் கொடுத்தேன். எதை எதற்காகக் கொடுக்கிறேன் என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன், அவனுக்கும் தெரிய வேண்டும் இல்லையா. "மச்சான், உங்க கால்ல விழறேன்," என்றான். விழுகிற நிலைமையில் அவன் கால் இல்லை. கடைசி அடி தலையில். மொத்தம் பதினொன்று என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். நான் எண்ணவில்லை. விரிப்பில் இருந்த சேலைகளில் ஒன்றிரண்டு நல்ல சேலைகள் வீணாகிவிட்டன. அதற்கு மட்டும் எனக்கு வருத்தம். யாரோ மாதக்கணக்கில் உட்கார்ந்து நெய்தது.

அப்புறம் அவன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோ லாக்கரைத் திறந்தேன். நீல பிளாஸ்டிக் ஃபைலில் அவள் சர்ட்டிபிகேட் எல்லாம் வரிசையாக இருந்தது. உங்கள் ஏட்டய்யா என்னிடமிருந்து வாங்கி வைத்தது அதுதான். மடங்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அவனைக் கொன்றதை நான் எங்கேயும் மறுக்கவில்லை. நானாகவே நடந்து வந்து உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தவன். கொலைகாரனைத் தண்டித்துவிட்டு வந்திருக்கிறேன் என்றுதான் முதல் வார்த்தையாகச் சொன்னேன். அவன் சூடு போடாமல் இருந்தால் நான் அந்த ஒயரைக் கொடுத்திருக்கமாட்டேன். காப்பு கட்டாமல் இருந்தால் அவனே போயிருப்பான். சர்ட்டிபிகேட்டை ஒளிக்காமல் இருந்தால் அவள் அந்த வண்டியைத் தொட்டிருக்கமாட்டாள். எப்படிச் சுற்றி வந்தாலும் என் தங்கையைக் கொன்றது அவன்தான்.

ஆனால் நீங்கள் அந்த ரெக்கார்டிங்கை மறுபடி மறுபடி போட்டுக் காட்டுகிறீர்கள். அவள் போனில் எல்லாக் காலும் தானாகப் பதிவாகும் என்பது எனக்குத் தெரியாது. புருஷன் பேசுவதைப் பதிவு செய்ய வைத்திருந்தாள் போல. டவர் போய்விட்டது என்று நான் சொன்னது சரியில்லைதான். அதற்கப்புறமும் ஒன்றரை நிமிஷம் ஓடுகிறது. நீங்களே கேட்டுவிட்டீர்கள், நான் மறைத்து ஆகப்போவது என்ன.

"அண்ணா, இரு. வண்டி பின்னாடி ஒரு மாதிரி இழுக்குது," என்கிறாள். மெதுவாகப் போ என்கிறேன். மழைச் சத்தம் கேட்கிறது. அப்புறம், "அண்ணா, வைப்பர் போட்டா இழுக்குது. நிறுத்துனா நல்லாப் போவுது. ரெண்டு வாட்டி பாத்துட்டேன்," என்கிறாள். நான்தான் சொன்னேனே, நல்ல மூளை. இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த மெக்கானிக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் பிடிபடாது. "அண்ணா, நீ இதுல எதனா பண்ணியா?" என்று கேட்கிறாள்.

அதற்கப்புறம் ஒன்பது விநாடி வெறும் மழை. கடிகாரம் வைத்து எண்ணினீர்கள். அந்த ஒன்பது விநாடியில் என்ன யோசித்தாய் என்கிறீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆமாம் என்று சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். வண்டியை ஓரம்கட்டிவிட்டு நடந்தே மேலே போய்விடுவாள். நான் எப்படிப்பட்டவன் என்று அந்த மலைமேல் உட்கார்ந்துகொண்டு வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டை விட்டுக் கிளம்பினவள், அதற்கப்புறம் என் வாசலை மிதிப்பாளா?

பத்தாவது விநாடியில் என் குரல் இருக்கிறது. "வைப்பருக்கும் லாக்கருக்கும் இன்னாம்மா சம்பந்தம்? போட்டுகினே ஓட்டு. மழையில கண்ணாடி தெரியாம மலை ஏறுவியா?" "சரிண்ணா," என்கிறாள். வைப்பர் ஓடுகிற சத்தம் பதினான்கு தடவை கேட்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம், கையெழுத்துப் போடுகிறேன். ஜெயக்குமாரைக் கொன்றது நான். என் தங்கையிடம் நான் கடைசியாகச் சொன்னது மழையில் வைப்பர் போட்டு ஓட்டு என்பது. கூடப்பிறந்த எந்த அண்ணனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.